தோலில் குடியிருக்கும் சிற்றுண்ணிகள்: உங்கள் அனுபவம்?

கொங்குநாட்டான்:
எங்கள் ராஜபாளையம் குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டி வட்டம் விழுந்துவிட்டது. கால்நடை மருத்துவர் தோலைக் கிள்ளிப் பிடித்து, ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி, எண்ணெய்ச் சொட்டில் வைத்து என்னையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். சுருட்டு போல நீண்ட உடல், முன்பக்கம் எட்டுக் குட்டைக் கால்கள். அவை அசைந்துகொண்டிருந்தன! டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி. பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்குமாம். “உங்களுக்கு ஒட்டாது. உங்கள் முகத்தில் வேறு இனம் ஏற்கெனவே இருக்கும்” என்று கை கழுவியபடியே சொன்னார். அன்றிலிருந்து மூக்கோரம் லேசாக அரித்தாலும் அந்தக் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

வேப்பமரத்தடி:
“ஒட்டாது” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். தெருநாய்க்குட்டியை மடியில் போட்டுக் கொஞ்சினேன். முன்கையிலும் வயிற்றிலும் பொரிப்பொரியாகத் தடிப்பு, இரவெல்லாம் நமைச்சல். மருத்துவர் அதன் காது மடலின் ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்தார். உடனே பின்னங்கால் தானாக எழுந்து காற்றைச் சொறிந்தது. அதை வைத்தே சொறி என்று சந்தேகித்தார். நாய்க்குக் குணமானதும் எனக்கும் அடங்கிவிட்டது.

கொங்குநாட்டான்:
நீங்கள் சொல்வது சார்கோப்டிஸ், தோலைக் குடைந்து போவது. நான் சொன்னது மயிர்க்கால்களில் கிடப்பது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

தாமிரபரணி:
எனக்குக் கண்ணிமையில். முடியின் அடியில் உறைபோல வெள்ளைப் பொடுகு. கண் மருத்துவர் ஒரு முடியைப் பிடுங்கிப் பார்த்து டெமோடெக்ஸ் என்றார். அவ்வளவுதான் என் கதை.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டியின் கழிவு எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் நாய் மேல் தடவாதீர்கள், நக்கினால் விஷம். ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியைக் கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள். கோலி இன நாய்கள் பலவற்றுக்கு மரபணுக் குறையால் அது மூளையைத் தாக்கும், உயிரே போகலாம். வீட்டில் மனிதருக்கு மனிதர் சிரங்கு பரவினால் கதை வேறு. மருத்துவரைக் கேட்டு, 5% பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு விடாமல் பூசி, இரவு முழுவதும் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர்களும் அதே நாளில் பூச வேண்டும். துணிகளைச் சுடுநீரில் துவையுங்கள்.

புதுவை வாசகன்:
நம் முகத்தில் இருக்கும் டெமோடெக்ஸுக்கு ஆசனவாயே கிடையாதாம், ஆயுள் முழுவதும் கழிவைச் சேர்த்துவைத்துச் சாகுமாம். படித்த நாளிலிருந்து முகம் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

கொங்குநாட்டான்:
அது பழைய கதை. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, ஆசனவாய் உண்டு என்று காட்டிவிட்டது. முகம் கழுவுவதால் அவை போய்விடாது; மயிர்க்காலுக்குள் தலைகீழாகப் புதைந்திருக்கின்றன.