புதுப்பிப்பு: கண் உறுத்தல், கண்மை – தீர்வு கிடைத்தது

நாள் முழுக்கக் கணினி வேலை, மாலையானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் 20-20-20: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது. ஜன்னல் வழியே எதிர் புளோக் தெரிவதால் சுலபம். ஓரளவு குறைந்தது. முழுசாகத் தீர்த்தது, "மையை இமையின் உள்விளிம்பில் தீட்டாதீங்க" என்று ஓர் அக்கா சொன்ன யோசனைதான். கண் டாக்டரும் அதையே சொன்னார். இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் துளைகளின் வாயில் மை கருப்பாக அடைத்திருந்ததைக் காட்டினார். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தபிறகு சரியாகிவிட்டது.

எதிர்பாராத விஷயம், ஊரிலிருந்து வந்த சுர்மா (கண்ணில் இடும் மைப்பொடி) டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமே இல்லை. சில சுர்மாக்களில் நச்சான ஈய சல்பைடு இருக்கும். சிங்கப்பூரில் அழகுப்பொருள்களில் ஈயத்துக்கு வரம்பு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு). குழந்தைகளுக்குத் தயவுசெய்து வைக்காதீர்கள்.