பர்ஃபாமன்ஸ் மோடா, ஃபிடிலிட்டி மோடா? 60 ஹெர்ட்ஸ் டிவி வச்சிருக்கவங்க எதுல ஆடறீங்க?

சோம்பேறி_கேமர்:
வணக்கம் மக்களே. பிளேஸ்டேஷன் 4ல (பிஎஸ்4) இருந்து இப்பதான் பிஎஸ்5க்கு வந்திருக்கேன், டிவி 43 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸ்தான் (செகண்டுக்கு 60 தடவை படம் மாத்தும்). ஸ்பைடர்மேன் 2 போட்டா ஃபிடிலிட்டியா (படம் கூர்மை, ஆனா செகண்டுக்கு 30 ஃப்ரேம்தான்) பர்ஃபாமன்ஸான்னு (கூர்மை கம்மி, ஆனா 60 ஃப்ரேம்) ரெண்டு மோட் இருக்கு. ஃபிடிலிட்டில ஒரு இடத்துல நின்னு பாத்தா சூப்பரா இருக்கு, ஆனா வெப் போட்டு ஆடிட்டே போகும்போது கேமராவ திருப்பினா விட்டு விட்டு வர்ற மாதிரி ஒரு ஃபீல். பர்ஃபாமன்ஸ்ல அந்த பிரச்சனை இல்ல, சும்மா வழுக்கிட்டு போகுது. ஆனா 4கே டிவிக்கு காசு குடுத்துட்டு 4கே இல்லாம ஆடறதான்னு மனசு கேக்க மாட்டேங்குது.

அப்புறம் டிராகன்ஸ் டாக்மா 2 கேம்ல ஊருக்குள்ள போனாலே திணறுது. ரெசல்யூஷன (பிக்சல் எண்ணிக்கைய) கம்மி பண்ணி 60 குடுக்க வேண்டியதுதானே, ஏன் குடுக்கல? இன்னொன்னு, 40 எஃப்பிஎஸ் மோட் (செகண்டுக்கு 40 ஃப்ரேம்) 40 எஃப்பிஎஸ் மோட்னு எல்லாரும் பேசறாங்க, என் மெனுல அப்படி ஒன்னு கண்ணுலயே படல. எங்க இருக்கு அது?

ஃப்ரேம்_பைத்தியம்:
ப்ரோ, பர்ஃபாமன்ஸ் போடுங்க, வேற யோசிக்கவே வேணாம். கணக்க பாருங்க. 4கேன்னா ஒரு ஃப்ரேமுக்கு 3840×2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். 1440பின்னா, அதாவது படத்தோட உயரம் 1440 பிக்சல்னா, 37 லட்சம். 83ஐ 30ஆல பெருக்குங்க, 37ஐ 60ஆல பெருக்குங்க, ரெண்டும் பக்கத்து பக்கத்துலதான் வரும். ஜிபியு (படம் வரையிற சிப்) ஒரு செகண்டுல தள்ளுற பிக்சல் ஏறக்குறைய ஒன்னுதான், அத கூர்மைக்கு செலவு பண்றீங்களா அசைவுக்கு செலவு பண்றீங்களாங்கிறதுதான் அந்த மெனு கேக்குற கேள்வி. 43 இன்ச் டிவிய சோஃபால இருந்து எட்டு அடி தள்ளி உக்காந்து பாக்குறவங்களுக்கு 1440பிக்கும் 4கேக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம், ஆனா 30க்கும் 60க்கும் வித்தியாசம் கையிலயே தெரியும், ஏன்னா 30ல ஒவ்வொரு ஃப்ரேமும் 33 மில்லிசெகண்ட் நிக்குது, 60ல 16.7தான், பட்டன் அமுக்கினது ஸ்க்ரீன்ல வர்றதும் அதுக்கேத்த மாதிரி சீக்கிரம் வரும்.

ஸ்பைடர்மேன் 2ல ரே ட்ரேஸிங் (வெளிச்சம், பிரதிபலிப்ப நெசமாட்டம் காட்டுற டெக்னிக்) ரெண்டு மோட்லயும் இருக்கு, அதனால நீங்க பெருசா எதையும் இழக்கப் போறதில்ல. 2024 செப்டம்பர்ல பிஎஸ்5 ப்ரோவ (பவர் கூடுன மாடல்) காட்டும்போது பிஎஸ்5ஓட தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னியே சொன்னாரு, மோட் கேட்டா ஆளுங்க முக்கால்வாசி நேரம் பர்ஃபாமன்ஸத்தான் எடுக்கறாங்கன்னு.

ஒவ்வொரு கேம்லயும் போய் மாத்த வேணாம்னா, செட்டிங்ஸ்ல சேவ்டு டேட்டா அண்ட் கேம் ஆப் செட்டிங்ஸ், அதுக்குள்ள கேம் ப்ரீசெட்ஸ், அங்க பர்ஃபாமன்ஸ்னு வச்சிட்டீங்கன்னா அத மதிக்கிற கேமெல்லாம் நேரா அதுலயே திறக்கும்.

மெதுவா_ஆடறவன்:
மேல சொன்ன நண்பர் "யோசிக்கவே வேணாம்"னு சொல்றாரு பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்து வரல. எல்லா கேம்லயும் பர்ஃபாமன்ஸ் மோட்னா 1440பின்னு நெனச்சிராதீங்க. ஆலன் வேக் 2 பிஎஸ்5ல பர்ஃபாமன்ஸ் மோட் உள்ளுக்குள்ள ரெண்டர் ஆகறது 847பி, அத எஃப்எஸ்ஆர் 2 (சின்ன படத்த பெருசாக்குற சாஃப்ட்வேர்) வச்சு 1440பிக்கு இழுக்கறாங்க. குவாலிட்டி மோட் 1270பில இருந்து 4கேக்கு. அதாவது ரெண்டுமே நிஜ 4கே கிடையாது, ஆனா அந்த காட்டுக்குள்ள டார்ச் அடிச்சிட்டு நடக்கும்போது 847பில இலையெல்லாம் மினுமினுன்னு ஓடும் பாருங்க, எனக்கு கண்ணே வலிச்சிருச்சு. ஃபைனல் ஃபேன்டஸி 16ம் அப்படித்தான், சண்டைல பர்ஃபாமன்ஸ் மோட் 720பி வரைக்கும் எறங்கும்.

மெதுவா நடந்து கதை கேக்குற கேமுக்கு 30 போதும்ங்கிறது என் கட்சி. ஆனா ஒரு கண்டிஷன், அந்த 30 ஒழுங்கான 30ஆ இருக்கணும். ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா 33 மில்லிசெகண்ட் நின்னா அஞ்சு நிமிஷத்துல கண்ணு பழகிரும். பிளட்போர்ன் 2015ல வந்தது, எஃப்பிஎஸ் கவுன்டர்ல பாத்தா 30ன்னுதான் காட்டும், ஆனா ஒரு ஃப்ரேம் 16, அடுத்தது 50, அப்புறம் 33ன்னு தாறுமாறா வரும், அதனால இன்னைக்கும் பிஎஸ்5ல போட்டாலும் தடுக்கித் தடுக்கித்தான் போகுது, சோனி அதுக்கு ஒரு 60 பேட்ச் குடுத்திருந்தா நாங்கெல்லாம் கோயிலுக்கே நேந்துக்குவோம். ஆவரேஜ் நம்பர மட்டும் பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க.

ரேஸிங், ஃபைட்டிங்னா பேச்சே இல்ல, 60தான். கிரான் டூரிஸ்மோ 7ல அவங்களே ரேஸ் ஓடும்போது சாதா பிஎஸ்5ல ரே ட்ரேஸிங்க தொடாம ரீப்ளே, கராஜ் மாதிரி இடங்கள்லதானே வச்சாங்க.

கம்பைலர்_கண்ணன்:
டிராகன்ஸ் டாக்மா 2 கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதுதான் இங்க முக்கியமான கேள்வியே.

ரெசல்யூஷன கொறச்சா ஜிபியுவோட வேலைதான் கொறயும். சிபியுவோட (கேமோட மத்த கணக்கெல்லாம் போடற சிப்) வேலை ஒரு துளி கூட கொறயாது. பரோட்டாவ சின்ன சைஸா போட்டா மாஸ்டருக்கு கை வேலை கொறயும், ஆனா சப்ளையர் ஒரே ஆளா இருந்தா அவர் அதே அத்தனை டேபிளுக்கு நடந்தே ஆகணும், கடைசி டேபிளுக்கு இலை லேட்டாத்தான் போகும். அந்த கேம்ல சப்ளையர்தான் சிபியு. ஊருக்குள்ள இருக்குற ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா சிபியு வேலை செய்யுதுன்னு, அவங்க உடம்பு சுத்தியிருக்கறதோட எப்படி மோதுதுங்கிற வரைக்கும் கணக்கு போடறதுன்னு, 2024 மார்ச்ல கேம் வந்தப்ப அத உருவாக்குன கேப்காமே விளக்கம் குடுத்தாங்க. காட்டுல ஓரளவு ஓடுறது வெர்ன்வொர்த் ஊருக்குள்ள போனதும் விழறதுக்கு அதான் காரணம். நீங்க 720பிக்கு இறக்கினாலும் அங்க 60 வராது. அப்புறம் அப்டேட்ல 30க்கு லாக் பண்ற ஆப்ஷன் வந்துச்சு, அத ஆன் பண்ணி ஆடுங்க, 27க்கும் 45க்கும் நடுவுல ஊசலாடறதுக்கு அது எவ்வளவோ மேல்.

இதையே வச்சு இன்னொன்னும் சொல்லிடறேன், "பிஎஸ்5 ப்ரோ வாங்கினா எல்லாம் சரியாயிரும்"னு நெனைக்கறவங்களுக்கு. ப்ரோல ஜிபியு ரெண்டரிங் 45 சதவீதம் வேகம்னு சோனி சொல்றாங்க, அது சரிதான், ஆனா சிபியு பழைய பிஎஸ்5ல இருக்குற அதே ஜென் 2 டிசைன், எட்டு கோர், ஒரு 10 சதவீதம் கூட க்ளாக் (வேகம்) ஏத்திக்கிற மோட் இருக்கு அவ்வளவுதான். ஜிபியுல முட்டுற கேமுக்கு ப்ரோ பிரமாதம். சிபியுல முட்டுற கேமுக்கு அந்த காச வேற எதுக்காவது வச்சுக்கோங்க.

சும்மா "டெவலப்பர் சோம்பேறி, ஆப்டிமைஸ் பண்ணல"ன்னு எல்லாத்துக்கும் ஒரே கமென்ட் போடறவங்க மேல எனக்கு ஒரு கடுப்பு இருக்கு. சில சமயம் அது உண்மை. பாதி சமயம் எது எங்க முட்டுதுன்னு கூட பாக்காம அடிச்சு விடறது.

120_கனவு:
40 எஃப்பிஎஸ் உங்களுக்கு மெனுல வராததுக்கு காரணம் உங்க டிவி. 60 ஹெர்ட்ஸ் டிவி செகண்டுக்கு 60 தடவை படத்த மாத்தும், 60ஐ 40ஆல வகுத்தா ஒன்றரை, அரை தடவை படம் காட்ட முடியாதுல்ல, அதனால ஒரு ஃப்ரேம் ஒரு தடவையும் அடுத்தது ரெண்டு தடவையும் நிக்கும், பாக்க கன்றாவியா இருக்கும். 120 ஹெர்ட்ஸ்ல ஒவ்வொரு ஃப்ரேமும் கரெக்டா மூணு தடவை. அதனாலதான் 120 டிவி கனெக்ட் பண்ணாத்தான் அந்த ஆப்ஷனே வேலை செய்யும். முதல்ல ராட்செட் அண்ட் க்ளாங்க் ரிஃப்ட் அபார்ட்க்கு 2021ல பேட்ச்சா வந்து பேர் வாங்கின விஷயம் இது, ஸ்பைடர்மேன் 2 ஃபிடிலிட்டிலயும் இருக்கு, காட் ஆஃப் வார் ராக்னராக்லயும் இருக்கு.

வெறும் 10 ஃப்ரேம் கூடுதல்தானேன்னு தோணும். மில்லிசெகண்ட்ல பாருங்க, 30ன்னா 33.3, 60ன்னா 16.7, 40ன்னா 25. நேரக் கணக்குல அது சரியா நடு. ஃபிடிலிட்டி மோட் அழகும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், கன்ட்ரோலரும் கைக்கு அடங்கும். ஒரு தடவை ஆடிப் பாத்தா 30க்கு திரும்ப மனசு வராது.

அதுக்காக உடனே டிவி வாங்க ஓடாதீங்க. பெட்டில "120 மோஷன்" அது இதுன்னு எழுதி 60 ஹெர்ட்ஸ் பேனல விக்கறாங்க, நான் ஒரு கடைல நேராவே பாத்தேன், விக்கற பையனுக்கே வித்தியாசம் தெரியல. பேனல் நேட்டிவ் 120ஆ, ஹெச்டிஎம்ஐ 2.1 போர்ட் இருக்கா, விஆர்ஆர் (கேமோட ஃப்ரேம் வேகத்துக்கு ஏத்த மாதிரி டிவி தன் ஹெர்ட்ஸ மாத்திக்கறது) இருக்கா, இந்த மூணையும் மாடல் நம்பர் போட்டு தேடிட்டு போங்க. சில டிவில நாலு போர்ட் இருந்தா அதுல ஒன்னோ ரெண்டோதான் 2.1, கேபிள மாத்தி சொருகிட்டு 120 வரலன்னு பொலம்பறவங்க ஏராளம். பிஎஸ்5ல விஆர்ஆர் 48ல இருந்து 120 வரைக்கும்தான், அதுக்கு கீழ விழுந்தா பெரும்பாலும் உதவாது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

சோம்பேறி_கேமர்:
எல்லாருக்கும் நன்றி, பரோட்டா உதாரணம் படிச்சிட்டு பசி வேற எடுத்துருச்சு. ஸ்பைடர்மேன் பர்ஃபாமன்ஸுக்கு மாத்திட்டேன், ஆலன் வேக் குவாலிட்டில வச்சுக்கறேன். டிவி அடுத்த வருஷம் ஓஎல்இடி எடுக்கலாம்னு ஒரு யோசனை, அதுல 30 இன்னும் நல்லா தெரியுமா? அப்புறம் எல்டன் ரிங் அடுத்து ஆரம்பிக்கப் போறேன், அதுக்கு எந்த மோட்?

மெதுவா_ஆடறவன்:
ஓஎல்இடில 30 இன்னும் மோசமாத்தான் தெரியும் தம்பி, ஆச்சரியமா இருந்தாலும் அதான் நெசம். சாதா எல்இடி டிவில பிக்சல் மாற கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த மசமசப்பே ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்குற தாவல மறைச்சிரும். ஓஎல்இடி சட்டுனு மாறிரும், அப்புறம் 33 மில்லிசெகண்ட் அசையாம நிக்கும், கேமரா திருப்பினா ஒவ்வொரு தாவலும் தனியா தெரியும். 30ல ஆடும்போது மோஷன் ப்ளர (அசையும்போது படத்த லேசா மங்கலாக்குற ஆப்ஷன்) ஆஃப் பண்ணாதீங்க, நம்ம ஆளுங்க கேம் போட்டதும் முதல் வேலையா அதத்தான் ஆஃப் பண்றாங்க. டிவியோட மோஷன் ஸ்மூத்திங் (டிவியே நடுவுல ஃப்ரேம் சேக்கறது) மட்டும் வேணாம், பாக்க வழவழன்னு இருக்கும் ஆனா லேக் (பட்டன் அமுக்கினது லேட்டா வர்றது) ஏறிரும், கேம் மோட்லயே வைங்க.

ஃப்ரேம்_பைத்தியம்:
எல்டன் ரிங்குக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. பிஎஸ்5 வெர்ஷன் ஃப்ரேம் ரேட் மோட்லயே 60 நிலையா நிக்காது, 45 பக்கம் வரைக்கும் விழும், விஆர்ஆர் டிவி இருக்கவங்களுக்கு அது பெருசா தெரியாது, உங்களுக்கு நல்லாவே தெரியும். அதனால பிஎஸ்4 வெர்ஷன டவுன்லோட் பண்ணி பிஎஸ்5லயே ஓட்டுங்க, புல்லு செடி கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா 60 கிட்டத்தட்ட ஆடாம நிக்கும். முதல்ல இருந்தே அதுல ஆரம்பிங்க, ஏன்னா பிஎஸ்4 சேவ் ஃபைல பிஎஸ்5 வெர்ஷனுக்கு கொண்டு போலாம், அங்க இருந்து திரும்ப இங்க கொண்டு வர முடியாது.