புதுப்பிப்பு: படியேறத் திணறிய 12 வயது நாய், இப்போது எப்படி இருக்கிறது

3 மாதம் முன்பு, எங்கள் நாய் மணிக்குப் பின்னங்கால் வலுவிழந்து வாசல் படிகூட ஏற முடியவில்லை, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவதா என இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டாக்டரிடம் காட்டினோம். இடுப்பு மூட்டில் தேய்மானம், தொடைத் தசையும் கரைந்திருக்கிறது என்றார். வலிக்கு மருந்து கொடுத்தார். (நாம் சாப்பிடும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபனை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு ஆபத்து.)

பலித்தது, இங்கே நீங்கள் சொன்ன "ஒரே மூச்சாக வேண்டாம், துண்டு துண்டாக நடத்துங்கள்" என்ற யோசனைதான். அதுவரை ஞாயிறு மட்டும் பாலாற்றுப் பக்கம் 1 மணி நேரம் இழுத்துக்கொண்டு போவேன். திங்கள் முழுக்கப் படுத்தே கிடக்கும். இப்போது தினம் 3 வேளை, 10 நிமிடம். காட்பாடி வெயில்தான் தெரியுமே, காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவோம். ஆற்று மணலில் நடத்தச் சொன்னதையும் செய்து பார்த்தேன். கால் புதைந்து சீக்கிரமே உட்கார்ந்துவிட்டது; சரி, நமக்கு ஒத்துவராது என்று விட்டேன்.

எதிர்பாராதது நகம். நடை குறைந்ததால் தேயாமல் வளர்ந்து, டைல்ஸில் டக் டக்கென்று தட்டி வழுக்கியிருக்கிறது. வெட்டிவிட்டு, கோரைப்பாய் விரித்தேன், பாயே வழுக்கியது. அப்புறம் அரிசிச் சாக்கைப் பிரித்துப் போட்டதும் தானாக எழ ஆரம்பித்தது.

6 வாரத்தில் படி ஏறியது. தாவி அல்ல, ஒவ்வொரு காலாக வைத்து. கட்டில் மட்டும் இன்னும் எட்டவில்லை. அம்மாவுக்கு அதில் ரொம்ப நிம்மதி.