நவம்பர் 16க்கு கடற்கரையில் ஒலி-ஒளி: யாராவது செய்து பார்த்ததுண்டா?

கடலோரத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். 1860இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் வந்த 342 பேரோடு தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனுக்கு வந்து சேர்ந்த நாள் நவம்பர் 16. அன்று மாலை கடற்கரை நடைபாதையில் ஏதாவது ஒலி-ஒளிக் கலை வைக்கலாம் என்று கோயில் பையன்கள் நாலைந்து பேர் யோசிக்கிறோம். இரண்டு பெரிய ஸ்பீக்கர், லேசர், ஒரு சுவரில் கப்பல் படம். சரிப்படுமா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
லேசரா? தம்பி, கல்யாண மண்டபத்தில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கப்பல் பட்டியல்களில் வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கின்றன, அதைச் சும்மா வாசித்தாலே போதுமே. ஆளுக்கொரு எண்ணும் கொடுத்திருந்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணை அம்மா இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

பழைய எலக்ட்ரீஷியன்:
அக்கா சொல்வதுதான் சரி. பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். அலைச் சத்தத்தை மீற வேண்டும் என்று நீங்கள் கூட்டிக்கொண்டே போனால் பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்வார், தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. போதாததற்கு, ஒரு ஸ்பீக்கர் உங்களுக்கு 34 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் அதன் சத்தம் பத்தில் ஒரு விநாடி தாமதமாக வரும், பெயரெல்லாம் குழம்பிவிடும். சின்ன ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில் வரிசையாக வையுங்கள், ஒன்றுக்கு ஒரு குரல். நடக்க நடக்கக் குரல் மாறும்.

குரோவேஷியாவில் சாதர் நகரத்தில் 2005இல் கடலோரப் படிக்கட்டுக்கு அடியில் 35 குழாய்கள் பதித்தார்கள். அலை தள்ளும் காற்றில் அவை தானாகப் பாடும், கரண்டே கிடையாது. ஒரு மாலைக்கு அதெல்லாம் நடக்காது, ஆனால் கடலோடு போட்டி போடாத புத்தி அதில் இருக்கிறது.

அப்புறம் வெளிச்சம். நவம்பரில் ஆறரை வரை இருட்டாது, அதற்கு முன் சுவரில் படம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மழைக் காலம் வேறு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கீழே ஒரு மஞ்சள் விளக்கு போதும். தண்ணீர் புகாத பெட்டியில் இணைப்புகளை வையுங்கள், கேபிளை ரப்பர் பாயால் மூடுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

கடலோரத்தான்:
லேசரைக் கைவிட்டாயிற்று. பெயருக்கு ஐந்து விநாடி வைத்தால் 342 பெயருக்கு அரை மணிக்குள் முடிகிறது, பிறகு திரும்ப முதலிலிருந்து ஓடட்டும். குரல் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். அக்கா, அம்மா வாசிப்பாரா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
கேட்டேன். நம் ஆள் வந்தது வேறு கப்பல் ஆயிற்றே என்று இழுத்தார். அப்புறம், எண்ணையும் சேர்த்து வாசிக்க விட்டால் வருகிறேன் என்கிறார்.