நம்ம மலைச் சொந்தங்கள்: டவர் எங்க நிக்கணும்?

(ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊர் ஒன்றின் வாட்ஸ்அப் குழு. ஜனவரி 18, ஞாயிறு.)

*பெரிய மாமா, காலை 7:40*
பகிரப்பட்ட செய்தி: "5ஜி டவர் அமைக்க உங்கள் நிலம் தேர்வாகியுள்ளது. முன்பணம் ரூ.30 லட்சம். மாத வாடகை ரூ.45,000. தடையில்லாச் சான்றுக் கட்டணம் ரூ.4,850 மட்டும் இன்றே செலுத்தவும்."

*பெரிய மாமா, 7:43*
சிக்னல் கெடைக்கிற நம்ம பாறைக்கு வந்ததும் இது வந்து விழுந்துச்சு. முத்திரை குத்துன லெட்டரும் அனுப்பி இருக்காங்க. கீழ்க்கொல்லைய குடுத்துடலாம்னு இருக்கேன். குமாரு, நீ டவர் வேலையில இருக்கிறவன், பாத்துச் சொல்லு.

*குமார் ஓசூர், 7:44*
மாமா, பணம் கட்டிட்டீங்களா?

*பெரிய மாமா, 7:46*
இன்னும் இல்ல. பேத்தி போன்லதான் கட்டணும்.

*குமார் ஓசூர், 7:49*
கட்டவே கட்டாதீங்க. இது ஏமாத்து வேலை. டவர் வைக்கிறவங்கதான் நிலத்துக்காரருக்கு வாடகை தரணும், நம்மகிட்ட ஒரு பைசா கேக்கக் கூடாது. டவருக்கு இடம் எடுக்கிறதுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்ல, தடையில்லாச் சான்று எதுவும் தர்றதில்லன்னு டிராய், அதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பல தடவ அறிவிச்சிருக்கு. அந்த நம்பர பிளாக் பண்ணுங்க. நம்ம ஊர்ல யாராவது கட்டியிருந்தா இப்பவே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிக்கச் சொல்லுங்க.

*செல்வி அக்கா, 7:55*
அய்யோ, கீழ்த்தெரு அத்தைக்கும் இதே லெட்டர் வந்துச்சு தம்பி. சாமை வித்த காசு கையில இருக்குது. நான் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வர்றேன்.

*பெரிய மாமா, 8:02*
அப்ப போன மாசம் ரெண்டு பேரு வந்து கீழ்க்கொல்லையில கல்லு நட்டுட்டுப் போனாங்களே, அதுவும் பொய்யா?

*குமார் ஓசூர், 8:10*
அது நிஜம் மாமா. பொங்கலுக்கு வந்தப்ப அவங்ககிட்ட போன்ல பேசுனேன். 4ஜி இல்லாத ஊருங்களுக்கு டவர் போடுற திட்டம். 2022 ஜூலையில மத்திய அமைச்சரவை 26,316 கோடி ஒதுக்குச்சு, 24,680 கிராமத்துக்குன்னு. பணம் டிஜிட்டல் பாரத் நிதியிலருந்து வருது. போன் கம்பெனிங்க வருமானத்துல 5 சதவீதம் அதுக்குப் போகுது, அதாவது நாம ரீசார்ஜ் பண்ற காசுதான். யாரும் நமக்கு தர்மம் பண்ணல.

*குமார் ஓசூர், 8:14*
ஆனா கல்லு நட்ட இடம் தப்பு. அதப் பத்திப் பேசத்தான் எல்லாரையும் இருங்கன்னு சொல்றேன்.

*பெரிய மாமா, 8:15*
என் கொல்லையில என்னடா தப்பு? ரோடு இருக்குது, ஈபி போஸ்ட் இருக்குது.

*குமார் ஓசூர், 8:27*
அதனாலதான் அவங்க அத எடுத்தாங்க மாமா. லாரி வரும், கரண்டு பக்கத்துல. ஆனா அது பள்ளம். டவர்ல மூணு பக்கமும் மூணு ஆன்டெனா வைப்பாங்க, ஒண்ணொண்ணும் ஒரு திசைக்கு டார்ச் அடிக்கிற மாதிரி. எதுத்தாப்புல மலை நின்னா வெளிச்சம் அதுக்கு அந்தாண்ட போகாது. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை போட்டா சிக்னல் தூரம் போகும், மரம் செவுரெல்லாம் ஓரளவு தாண்டும். மலைய அதாலயும் தாண்ட முடியாது. கீழ்க்கொல்லையில நின்னா நம்ம ஊருக்கு நாலு கோடு சிக்னல் வரும். ஓடைக்கு அந்தாண்ட இருக்கிற ரெண்டு ஊருக்கும் சுழி.

*ராணி டீச்சர், 8:33*
அந்த ரெண்டு ஊர்ப் பிள்ளைங்கதான் என் வகுப்புல பாதி.

*குமார் ஓசூர், 8:36*
கீழ்க்கொல்லைக்கு மேல இருக்கிற தலைமேட்டுல நின்னு பாருங்க டீச்சர், மூணு ஊரும் கண்ணுக்குத் தெரியுது. டவர் அங்கதான் நிக்கணும். இன்னொண்ணு, டவருக்கே நெட் எங்கிருந்தோ வரணும் இல்லயா? பள்ளத்துல வெச்சா ரோடு ஓரமா ஃபைபர் தோண்டணும், மழையில மண்ணு சரிஞ்சா அறுந்துடும். தலைமேட்டுலருந்து ஜமுனாமரத்தூர் டவர் நேராத் தெரியுது. ஒரு மைக்ரோவேவ் டிஷ் வெச்சா கேபிள் இல்லாமலே அங்கிருந்து நெட்ட இழுத்துக்கலாம். பொங்கலன்னிக்கு மஞ்சு விலகினப்ப நானே ஏறிப் பாத்தேன்.

*பாபு சென்னை, 8:50*
மச்சான், மொதல்ல வர்றது வரட்டும். இப்ப இடம் மாத்துன்னு சொன்னா அவன் வேற ஊருக்குப் போயிடுவான். இவ்ளோ வருசம் கழிச்சு வர்றதக் கெடுக்காதீங்க.

*குமார் ஓசூர், 8:58*
அந்த பயம் எனக்கும் இருக்குது மச்சான். ஆனா பள்ளத்துல ஒண்ணு நட்டுட்டா, இந்தப் பக்கம் சிக்னல் எட்டியாச்சுன்னு தாளுல எழுதி மூடிடுவாங்க. அந்த ரெண்டு ஊருக்கும் அடுத்து யார் எப்ப வருவாங்க? நூறு அடி மேல தள்ளி வெச்சா தீர்ற விசயம்.

*செல்வி அக்கா, 9:20*
அத்தை கட்டல, நல்ல நேரம். இப்ப நான் ஒண்ணு சொல்றேன். போன ஐப்பசி மழையில ஓடைக்கு அந்தாண்ட ஒரு பொண்ணுக்கு ராத்திரி வலி எடுத்துச்சு. 108க்கு போன் பண்ண அவ புருசன் ஓடைய நீந்தித் தாண்டி பாறைக்கு வந்தான். அங்கயும் போன் கட் ஆயிட்டே இருந்துச்சு. வண்டி வந்து சேர்றதுக்குள்ள ஜீப்லயே கொழந்த பொறந்துடுச்சு. ரெண்டு உசிரும் பொழச்சது சாமி புண்ணியம். நம்ம ஊருக்கு மட்டும் டவர் வந்தா அவன் மறுபடியும் ஓடையில எறங்கணும்.

*ராணி டீச்சர், 9:31*
பாறையில இருக்கிற அத்திமரத்தப் பாருங்க. கிளையில மஞ்சப்பை கட்டி, அதுக்குள்ள போனப் போட்டு ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணிட்டு, கீழ அஞ்சாறு பிள்ளைங்க உக்காந்து ஸ்காலர்ஷிப் பாரம் போடுதுங்க. காத்து அடிச்சா பை ஆடும், பாரம் பாதியில நின்னுடும். மொதல்லருந்து போடணும். நூறு நாள் வேலை போட்டோவும் அங்கதான் ஏத்துறாங்க. ரேஷன் மிஷின்கூட சில நாள் அங்க வருது.

*பாபு சென்னை, 9:40*
சரி, ஒத்துக்கிறேன். ஆனா தலைமேடு ஃபாரஸ்ட் நிலம். அவங்க குடுப்பாங்களா?

*ராணி டீச்சர், 9:52*
கேக்க வழி இருக்கு. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2). பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சார, தொலைத்தொடர்பு லைன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம இருந்தா, வன நிலம் கேக்கலாம். ஆனா கிராம சபை பரிந்துரை கட்டாயம். "லைன்"ல டவர் அடங்குமான்னு வனத்துறை கேள்வி கேக்கலாம், அதனால தீர்மானத்துல டவர், டிஷ், கரண்டு லைன் எல்லாத்தையும் தனித்தனியா எழுதிடணும். தலைமேட்டு உச்சியில பாறைதான், மரம் வெட்ட வேண்டிய அவசியமே இல்ல.

*பெரிய மாமா, 10:05*
ஜனவரி 26 கிராம சபை இருக்குதே.

*ராணி டீச்சர், 10:06*
அதேதான் மாமா.

*பாபு சென்னை, 10:15*
ரேடியேஷன்னு யாராவது கெளப்புவாங்க. இன்னொண்ணு, ஆளுக்கொரு சிம் வெச்சிருக்கோம்.

*குமார் ஓசூர், 10:24*
2012 செப்டம்பர்லருந்து நம்ம நாட்டு வரம்பு, உலக அளவுல வெச்சிருக்கிற வரம்புல பத்துல ஒரு பங்கு. டவர் வந்தப்புறம் அளந்து காட்டச் சொல்லலாம். சிக்னல் கம்மியா இருக்கிற எடத்துலதான் காதுல வெச்சிருக்கிற போன் அதிக சக்தி போட்டுக் கத்துது. பேட்டரி மத்தியானத்துக்குள்ள காலியாகுறதும் அதனாலதான். சிம் விசயம்: டிஜிட்டல் பாரத் நிதியில போட்ட 4ஜி டவர பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூணு சிம்காரங்களும் பயன்படுத்த 2025 ஜனவரியில ஏற்பாடு வந்துச்சு. நம்ம டவரும் அதுல சேரணும்னு தீர்மானத்துல எழுதுங்க.

*குமார் ஓசூர், 10:28*
கரண்ட விட்டுடாதீங்க. கார்த்திகை மழையில மரம் விழுந்தா நமக்கு நாலு நாள் கரண்டு வராது, டவர் பேட்டரி சில மணி நேரந்தான் தாங்கும். நான் ஏறுன எத்தனையோ மலை சைட் மழைக்காலத்துல செத்துக் கிடக்கும். சிக்னல் ரொம்பத் தேவைப்படுற நாள் அதுதான். அதனால சோலார், பெரிய பேட்டரி ரெண்டும் வேணும்னு கேளுங்க.

*பெரிய மாமா, 11:10*
வீட்டுக்குப் போய் உங்க அத்தைகிட்ட சொல்லிட்டு மறுபடி பாறைக்கு வந்திருக்கேன். வாடகை வரும்னு ஆசைப்பட்டது நெசந்தான். ஆனா அந்த ஜீப்ப அன்னிக்கு ஓட்டுனது நான். தலைமேட்டுக்குப் போற ஒத்தையடிப் பாதை கீழ்க்கொல்லை ஓரமாத்தான் ஏறுது. இரும்பு சாமான் தூக்க அகலம் வேணும்னா வேலிய உள்ள தள்ளிக்கிறேன். அதையும் எழுதிக்கோ டீச்சரம்மா.

*பாபு சென்னை, 11:12*
அப்பா 🙏

*ராணி டீச்சர், 11:20*
எழுதிட்டேன் மாமா. வரைவு சாயந்திரம் போடுறேன். ஒரு சிக்கல், ஓடைக்கு அந்தாண்ட ஊர்க்காரங்க யாரும் இந்த குரூப்ல இல்ல. 26ஆம் தேதி அவங்க வராம தீர்மானம் போட்டா அர்த்தமே இல்ல. நோட்டீசா எழுதி நாளைக்கே பிள்ளைங்ககிட்ட குடுத்தனுப்புறேன்.

*செல்வி அக்கா, 11:24*
செவ்வாக்கிழமை சத்துமாவு குடுக்க நான் அங்க போறேன். வீடு வீடாச் சொல்லிடுறேன். பொம்பளைங்க எத்தனை பேரு வர்றாங்கன்னு கேட்டு வெச்சா ஜீப்ப ரெண்டு நடை விடலாமா மாமா?

*பெரிய மாமா, 11:31*
மூணு நடைன்னாலும் விடுறேன். டீசல் மட்டும் பாபு போடட்டும்.

*பாபு சென்னை, 11:32*
போட்டுடுறேன்ப்பா.