தொடாமலும் விழுந்தேன், தொட்டபோதும் விழுந்தேன்: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:

கராத்தே, சிலம்பம், வர்மம், ஜூடோ என எந்தக் கலையில் இருப்பவருக்கும், வேறொரு கலைக்காரர் “எங்களால் இது முடியும்” என்று சொன்னதை நம்ப முடியாமல் நின்ற ஒரு நாள் இருந்திருக்கும். அந்த நாளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம். உங்கள் உடம்பில் பட்டதை எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

எனக்கு அப்போது 19 வயது. கராத்தேயில் பழுப்பு பெல்ட். ஆண்டு விழா மேடையில் எங்கள் மாஸ்டர் ஒரு கோடியில் நின்று உள்ளங்கையை நீட்டினார். ஆறடி தள்ளி வரிசையாக நின்றோம். முதல் பையன் பின்னால் சரிந்தான். இரண்டாமவனும் சரிந்தான். மூன்றாவது நான், நானும் விழுந்தேன். விழச் சொல்லி யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை, ஒத்திகையும் கிடையாது. நெஞ்சை ஏதோ தள்ளியது போலத்தான் இருந்தது. எதிரே பெற்றோர்கள், முன்னால் விழுந்து கிடக்கும் இருவர், ஐந்து ஆண்டுகளாக ‘ஒஸ்’ (கராத்தேயில் ‘சரி, மாஸ்டர்’ என்பது போல) என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பதிலே நாங்கள் சொல்லியறியாத மனிதரின் நீட்டிய கை. அன்று நிற்பதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருந்தது. அது உண்மைதான் என்று கல்லூரி நண்பர்களிடம் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். இன்று வரை அது எனக்கு வருத்தம்.

பிறகு ஒரு நாள் வேறு பயிற்சிக்கூடத்து மாணவன் ஒருவன் அதே கைக்கு முன்னால் நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. “அவன் மனம் மூடிக் கிடக்கிறது” என்றார் மாஸ்டர். என் நம்பிக்கை அன்றோடு முறிந்தது. முறிந்த வேகத்தில் அடுத்த கரைக்கே போய்விட்டேன்: வர்மம், உள்ளாற்றல், எல்லாமே ஏமாற்று என்று பேசத் தொடங்கினேன்.

அந்தப் பேச்சோடுதான் தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஆசானைப் பார்க்கப் போனேன். நண்பனின் உறவினர், 70 வயதைத் தாண்டியவர். எண்ணெய் மணக்கும் சிறிய வைத்தியசாலை. கை ஒடிந்த ஒரு பையனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நேரடியாகவே கேட்டேன்: “ஆசானே, நோக்கு வர்மம் என்று சொல்கிறார்களே, பார்வையாலேயே ஆளைச் சாய்க்க உங்களால் முடியுமா?”

அவர் கட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “மக்களே, எங்கள் ஆசானுடைய ஆசான் செய்வார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கண்டதில்லை. எனக்குத் தெரியாது.”

சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு இந்தப் பதில் என்ன செய்யும் என்று எண்ணிப்பாருங்கள். மாஸ்டரிடம் ஒருமுறைகூட நான் கேட்டிராத சொல் அது, ‘தெரியாது’. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து, “ஒரு குத்து விடும்” என்றார். தயங்கினேன். “மெதுவாக வேண்டாம், வேகமாகவே விடும்.” விட்டேன். அவர் விலகவில்லை, உள்ளே வந்தார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மேற்கையின் வெளிப்பக்கத்தில் அவருடைய விரல் முட்டி பட்டது. விரல் நுனி வரை மின்சாரம் ஓடியது. விரல்களை மடக்கப் பார்த்தேன், கை கேட்கவில்லை. முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறாமல் தோளிலிருந்து கீழாகத் தடவி, ஓரிடத்தில் தட்டி விட்டார். சற்று நேரத்தில் கை திரும்பியது.

அந்த இடத்தில் ஒரு நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பின்னால் ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் பாய்ந்து வரும் கையில் அந்த ஓர் அங்குலத்தை 70 வயதில் கண்டுபிடிப்பது எளிதா? நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

குழித்துறை ஆற்றோரம்:

என் பாட்டா (தாத்தா) வர்ம ஆசானாக இருந்தவர். நான் பிசியோதெரபிஸ்ட். இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு அடி விழும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மரபில் வர்மங்கள் 108. அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மத்தில் அடி பட்டால் உயிருக்கே கேடு என்றும், இத்தனை நாழிகைக்குள் இளக்க (அடியின் பாதிப்பை எடுக்க) வேண்டும் என்றும் ஏடுகள் பாட்டாகவே சொல்கின்றன. அடிக்கக் கற்றவன் அடங்கலும், அதாவது அப்படி இளக்கும் முறையும், கற்றிருக்க வேண்டும். எடுக்கத் தெரியாதவன் கொடுக்கக் கூடாது. வைத்தியமும் அடிமுறையும் ஒரே கையில் இருந்ததற்குக் காரணம் அதுதான். யாருக்கும் எளிதில் சொல்லித்தர மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கூடவே வைத்துக் குணம் பார்த்த பிறகுதான் ஒரு புள்ளி, பிறகு இன்னொரு புள்ளி.

இந்த மறைப்பு நல்லவர்களையும் காத்தது, போலிகளையும் காத்தது. “இரகசியம், காட்ட மாட்டேன்” என்பதை இருவருமே சொல்லலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. திரைப்படங்கள் வந்த பிறகு, இரண்டே நாளில் நோக்கு வர்மம் கற்றுத்தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பாட்டாவின் வாயிலிருந்து ஒரு புள்ளியின் பெயர் வெளியே வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எனக்குத் தெரியும்.

கல்லூரி விடுதியில் தோழிகள் மீது நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். உயிராபத்து இல்லாத, கையிலும் காலிலும் உள்ள சில இடங்களை மட்டும். ஒருத்தி துள்ளினாள். இன்னொருத்தி, “அழுத்துகிறாயா?” என்று கேட்டாள். ஊருக்குப் போய்ப் பாட்டாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். “சதை கனத்தவளுக்கு வேறு கோணம், பயந்தவளுக்கு வேறு, சினத்தில் இருப்பவனுக்குச் சில இடம் வேலையே செய்யாது. இடம் தெரிந்தவன் பாதி ஆசான்தான், கை போய்ச் சேர வேண்டும்” என்றார். எனக்கு அன்று அது நொண்டிச் சாக்காகப் பட்டது. இன்று தினமும் நோயாளிகளைத் தொடுகிறேன். வலியை உணர்வதில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இருக்கும் தூரத்தைப் பார்க்கிறேன். பாட்டா சொன்னது சரி.

ஆனால் அதே வாக்கியத்தை ஒரு போலியும் சொல்ல முடியும் என்பதையும் நான் மறக்கவில்லை. பாட்டா எங்கெங்கே வேலை செய்யாது என்பதையும் சேர்த்தே சொன்னார். நான் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

கயிற்றுப்பிடி:

ஜூடோக்காரன். என் கதை டெல்டா பக்கத்தில் ஒரு சிலம்ப வாத்தியாரோடு நடந்தது. மூச்சுப் பயிற்சியில் தேர்ந்தவர். “என் கழுத்தை யார் நெரித்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது” என்றார். மாணவர்கள் நெரித்துக் காட்டினார்கள், உண்மையிலேயே அசையாமல் நின்றார். நான் மரியாதையாக, “ஐயா, நான் பிடித்துப் பார்க்கலாமா? போதும் என்றால் என் தோளில் தட்டுங்கள்” என்றேன்.

ஜூடோவில் நாங்கள் பெரும்பாலும் மூச்சுக்குழாயை நெரிப்பதில்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களை அழுத்துகிறோம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்கத் தெரிந்தாலும் அதற்கு உதவாது. சில வினாடிகளிலேயே அவர் உடம்பு தளர்ந்ததை உணர்ந்து விட்டுவிட்டேன். அவர் தட்டவேயில்லை. தாங்கிப் படுக்க வைத்தோம், உடனே விழித்தார். மாணவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. செய்திருக்கக் கூடாதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எழுந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, “எங்கே பிடித்தீர்கள், இன்னொரு முறை மெதுவாகக் காட்டுங்கள்.” மாணவர்கள் எதிரிலேயே கற்றுக்கொண்டார். பிறகு, “இப்போது நீங்கள் கம்பை எடுங்கள்” என்றார். மணிக்கட்டு, கணுக்கால், உச்சந்தலை என மூன்று இடத்தில் என்னைத் தொட்டுவிட்டு நின்றார். நான் கம்பைச் சரியாகப் பிடிக்கக்கூட இல்லை. அவர் வலிக்காமல் தொட்டதால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூடோவை 1882இல் தோற்றுவித்த கானோ ஜிகோரோ, 70 வயதை நெருங்கிய காலத்தில், 1930இல் தோக்கியோவில், அய்கிடோவைத் தோற்றுவித்த உவெஷிபா மோரிஹேயின் பயிற்சிக்கூடத்துக்குப் போய் அவர் கலையைப் பார்த்தார். பார்த்து வியந்து, தன் மாணவர்களையே அவரிடம் கற்க அனுப்பினார். ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோ 1951இல் ரியோ டி ஜெனீரோவில் பிரேசிலிய ஜூஜிட்சு வீரர் ஹீலியோ கிரேசியின் கையை முறுக்கினார்; ஹீலியோ விட்டுக்கொடுக்க மறுத்தார், அவர் தரப்பினர்தான் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எறிந்தார்கள். அந்தப் பிடிக்குப் பிரேசிலிய ஜூஜிட்சுக்காரர்கள் இன்றுவரை ‘கிமுரா’ என்றே பெயர் சொல்கிறார்கள். தங்களை வென்றவர் பெயர் அது. எங்கள் சிலம்ப வாத்தியார் அந்த வரிசையில் நிற்கத் தக்கவர் என்று நான் மனமாரச் சொல்வேன்.

குத்துவரிசை:

மரியாதை மரியாதை என்று பேசியே போலிகளை வளர்த்துவிட்டோம். 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில் சூ சியாவ்துங் என்ற கலப்புச் சண்டை வீரர், தாய் சி என்ற சீனக் கலையில் வல்லவர் என்று சொல்லிக்கொண்ட வெய் லேயை 20 வினாடிக்குள் முடித்தார். அவ்வளவுதான் தேவை. களத்தில் நிறுத்துங்கள், தெரிந்துவிடும்.

கயிற்றுப்பிடி:

களம் வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த 20 வினாடி உடைத்தது வெய் லேயின் பேச்சை. பூங்காவில் தாய் சி செய்து முழங்கால் வலி தணிந்த முதியவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஜப்பானில் 2006இல் இன்னொன்று நடந்தது. தொடாமலே மாணவர்களைப் பறக்க வைத்த யானகி ரியூகென், தானாக முன்வந்து இவாகுரா என்ற வீரரோடு மோதினார். முகத்தில் அடி வாங்கி இரத்தம் சிந்தித் தோற்றார். அந்தக் காணொளியைப் பார்த்துப் பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தவர் அந்த வளையத்துக்குள் வருவாரா? ஆண்டுக்கணக்கில் விழுந்து விழுந்து அவரை நம்ப வைத்தவர்கள் அவருடைய மாணவர்கள். ஒருவனாவது நின்றிருந்தால் அந்த மனிதர் அன்று அடி வாங்கியிருக்க மாட்டார்.

ஈப்போ தமிழன்:

மலேசியாவிலிருந்து. நான் சிலம்பம், என் மலாய் நண்பர் சீலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை. அவர்களிடம் ‘இல்மு கெபால்’ உண்டு, கத்தி உடம்பில் இறங்காதாம். தன் தாத்தாவுக்கு அது இருந்தது என்று முழு நம்பிக்கையோடு சொல்வார். “உங்களுக்கு?” என்றேன். “எனக்கு இல்லை, அதனால்தான் கத்தி வந்தால் விலகக் கற்றேன்” என்றார். அவர் விலகுவதைப் பார்த்தால் போதும், வேறு கேள்வி கேட்கத் தோன்றாது.

வைகைக்கரை:

‘ஒருவனாவது நின்றிருந்தால்’ என்ற வரியைப் படித்துவிட்டு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாஸ்டரைப் பார்க்கப் போனேன். வயதாகிவிட்டது. காலில் விழுந்து வணங்கிவிட்டு, “மாஸ்டர், அன்றைக்கு விழாவில் செய்தீர்களே, அதை இன்னொரு முறை செய்ய வேண்டும்” என்றேன். மாணவர்கள் போன பிறகு, கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கையை நீட்டினார். நான் நின்றேன். நெஞ்சில் அதே பழைய தள்ளல் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் நின்றேன்.

கையை இறக்கிவிட்டு நெடுநேரம் என்னைப் பார்த்தார். “அன்றும் நீ நின்றிருக்கலாமே, தம்பி” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேநீர் வரவழைத்தார். என் பக்க உதையில் இடுப்பு இன்னும் திரும்பவில்லை என்று சொல்லி, எழுந்து நின்று திருத்தினார். அவர் கற்றுத்தந்த உதை அது, இன்றும் அவரைவிட அழகாக அதைப் போடுபவரை நான் பார்த்ததில்லை.

தக்கலை ஆசானிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். மாஸ்டரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த உதையை மட்டும் விவரமாகக் கேட்டார். அடுத்த மாதம் போகும்போது காட்ட வேண்டுமாம்.