ஷெட்யூலர் தொடங்குமுன் மியூட்டெக்ஸைத் தொட்டவர்கள், நேர்ந்ததைப் பகிருங்கள்
(ஷெட்யூலர்: டாஸ்க்குகள் எனப்படும் தனித்தனி வேலைகளை முறைவைத்து ஓட்டுவது. மியூட்டெக்ஸ்: ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் எடுக்கக்கூடிய பூட்டு.)

மன்னார்குடியிலிருந்து:
குறுவை நாற்றங்காலுக்கு இறைக்கும் போர்வெல் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகையில் நேர்ந்தது இது. கார்டெக்ஸ் எம்4 சில்லு, அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் சிறு இயங்குதளம். நிரல் தொடங்கும் மெயின் பங்ஷனில் மியூட்டெக்ஸை உருவாக்கிய பிறகு சிம் மாட்யூலை எழுப்பி, ஹால் டிலே என்னும் காத்திருப்பு பங்ஷனில் 50 மில்லிநொடி காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். அந்த 50 மில்லிநொடி முடியவே இல்லை. வரப்பில் அமர்ந்து பிழை தேடும் டீபக்கரை மாட்டிப் பார்த்தால், நேரத்தை அளக்கும் டிக் எண்ணிக்கை அசையாமல் நிற்கிறது. இன்டரப்டுகளை (சில்லின் வேலையில் குறுக்கிடும் சைகைகளை) மறைக்கும் பேஸ்ப்ரை பதிவகத்தில் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறடிமான 50 உட்கார்ந்திருக்கிறது. "தம்பி, த்ரீ பேஸ் போறதுக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்று பம்புசெட்டுக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார். மியூட்டெக்ஸை உருவாக்கும் அழைப்பே, இடையூறின்றி ஓட வேண்டிய பகுதியான கிரிட்டிகல் செக்‌ஷனுக்குள் போய், முன்னுரிமை தாழ்ந்த டிக் இன்டரப்டையும் சேர்த்து மறைத்துவிடுகிறது என்பதும், ஷெட்யூலர் தொடங்கும்வரை அந்த மறைப்பு விலகாதபடி அந்தப் பகுதிக்குள் எத்தனை முறை நுழைந்தோம் என்பதைக் கணக்கிடும் எண்ணியை வேண்டுமென்றே சுழியமல்லாத மதிப்பில் வைத்திருக்கிறார்கள் என்பதும் அன்றிரவுதான் புரிந்தது.

கும்பகோணத்திலிருந்து:
எனக்கு உருவாக்கியதில் அல்ல, எடுத்ததில் அடி விழுந்தது. டாஸ்க்குகளை உருவாக்கிவிட்டு, ஷெட்யூலரைத் தொடங்குமுன் மெயினிலிருந்தே, நடப்பதைப் பதிவு செய்யும் லாக் பங்ஷனை அழைத்தேன். அது மியூட்டெக்ஸை எடுத்து, ஃபிளாஷ் நினைவகம் பதில் தராததால், திருப்பித் தராமலே ரிட்டர்ன் ஆகிவிட்டது. அப்போது எந்த டாஸ்க்கும் ஓடவில்லை. ஆயினும் அதுவரை உருவானவற்றில் உயர்ந்த முன்னுரிமை கொண்டதையே கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நடப்பு டாஸ்க்காகக் குறித்து வைத்திருக்கிறது. ஆகவே லாக் மியூட்டெக்ஸுக்கு உரிமையாளராக, அதை ஒருநாளும் தொடாத தண்ணீரின்றி மோட்டார் ஓடாமல் காக்கும் டிரை ரன் காவல் டாஸ்க் டீபக்கரில் தெரிந்தது, வாங்காத கடனுக்குக் கையெழுத்துப் போட்டவனைப் போல.

தஞ்சாவூரிலிருந்து:
சி++ குளோபல் பொருளின் கன்ஸ்ட்ரக்டரில் (மெயினுக்கு முன்பே ஓடி அப்பொருளை உருவாக்கும் பகுதியில்), இன்னும் உருவாகாத மியூட்டெக்ஸை எடுக்கப் போய் அசர்ட் என்னும் பிழைச் சோதனையில் நின்றவன் நான். வெவ்வேறு கோப்புகளின் கன்ஸ்ட்ரக்டர்கள் எந்த வரிசையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மன்னார்குடி நண்பர் கெர்னல்மீது பழி போடுவதாகத் தெரிகிறது. அது கோளாறு அன்று, ஏற்பாடு. காத்திருக்க வேண்டிய ஹார்டுவேர் வேலைகளை முதலில் முடித்துவிட்டு, மியூட்டெக்ஸுகளையும் அவற்றுக்குப் பின் டாஸ்க்குகளையும் உருவாக்குங்கள். மெயின் எந்தப் பூட்டையும் எடுக்கக் கூடாது. சிம் மாட்யூலைத் தொடக்க டாஸ்க் ஒன்று எழுப்பட்டும். ஈவென்ட் குரூப்பில் (டாஸ்க்குகள் பார்த்துக் காத்திருக்கும் பிட்களின் தொகுப்பில்) அது பிட் ஏற்றும்வரை மற்றவை காத்திருக்கட்டும், ரிலேயும் அதுவரை மோட்டாரை ஓட்டக் கூடாது. ஸெஃபிர் என்னும் இன்னொரு இயங்குதளத்திலும், கெர்னல் எழுமுன் வரும் பிரீ கெர்னல் கட்டங்களில் கெர்னல் சேவைகளை நாட முடியாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலமே மியூட்டெக்ஸால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதை மறந்துவிடாதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து:
பழி போடவில்லை ஐயா. பாத்ஃபைண்டரில் நேர்ந்தது முன்னுரிமை தலைகீழானது, அதாவது தாழ்ந்த டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்க உயர்ந்தது காத்துக் கிடந்தது. அது இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது வந்த சிக்கல், இங்கே பேச்சு முதல் நொடியைப் பற்றியது. எனக்கு இரண்டு வரிகள் இடம் மாறியதே போதுமாக இருந்தது. ஈவென்ட் குரூப் மிகை. ஆனால் கும்பகோணத்துக்காரரின் பதிவைப் படித்தபின் என் லாக் பங்ஷனையும் திறந்து பார்த்தேன். அதிலும் ஒரு ரிட்டர்ன் பூட்டோடு வெளியேறுகிறது.